பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கத்தி!

என் வீட்டில் மூன்று கத்திகள் இருக்கின்றன. மூன்றும் ஜப்பான் பட்டறைகளில் செய்தவை. பதற வேண்டாம், காய் நறுக்கும் கத்திகள்தான். அதில் ஒன்றின் விலையை மட்டும் சொல்கிறேன். 18,000 யென். நம் காசில் பத்தாயிரத்துச் சொச்சம். மற்ற இரண்டின் விலை எனக்கும் என் மனசாட்சிக்கும் நடுவே இருக்கட்டும்.

'பத்தாயிரத்துக்குக் கத்தியா? தங்கத்துலயா பண்ணியிருக்கான்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவியும் இதையேதான் கேட்டாள். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள். அதனால் கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது.

"இது மூலதனச் செலவா, வருவாயினச் செலவா?"

பி.காம். படித்தவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. பதில் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு ஆயுத பூஜையும் ஒரு புயலும் வந்து போக வேண்டியிருந்தது.

விஷயம் ஆரம்பித்தது அம்மாவின் முழங்காலில். 'இனிமே தரையில உட்காரவே கூடாது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷமாக அம்மா உட்கார்ந்த அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று. நின்றுகொண்டு நறுக்க வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பிடி கத்தி இருந்தது. தக்காளி மேல் வைத்து அழுத்தினால் தக்காளி ரசமாகும், துண்டாகாது. அது ஒருநாள் வெங்காயத்தில் வழுக்கி அம்மா விரலில் ஏறிவிட்டது. மூன்று தையல். கூர்க் கத்தியை விட மொண்ணைக் கத்திதான் ஆபத்து என்பார்கள். மொண்ணை என்றால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும்.

அதற்கப்புறம் அம்மா சமையலறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். நறுக்கிப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் காய் வீட்டுக்கு வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் ஏதோ பெரிசாகத் தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான், 2023 ஏப்ரலில், பெரியப்பா மகன் தயவில் டோக்கியோ போனேன். அண்ணன் சாஃப்ட்வேர்க்காரர். நிஷி-கஸாய் என்ற பகுதியில் ஜாகை. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கிற இடம். புளி, துவரம்பருப்பு எல்லாம் கிடைக்கிறது. "ஊரைச் சுத்திப் பார்க்கிறியா, கோயில் பார்க்கிறியா?" என்று கேட்டார். "கத்தி பார்க்கணும்" என்றேன். அண்ணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டோக்கியோவில் உயெனோவுக்கும் அஸாகுஸாவுக்கும் நடுவே கப்பபாஷி என்று ஒரு தெரு இருக்கிறது. சுமார் 800 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சமையல் சாமான் கடைகள். ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரின் பிரம்மாண்டமான தலை உட்கார்ந்திருக்கிறது. அங்கே கத்திக் கடைகளில் நுழைந்தால் சுவர் முழுக்கக் கத்தி. ஹோட்டலில் சர்வர் ஒப்பிப்பது போலப் பெயர்கள்: காய்க்கு நகிரி. மீன் தலையை வெட்ட தேபா. பச்சை மீனை இதழ் இதழாகச் சீவ யானகிபா. காய், மீன், கறி மூன்றுக்கும் பொதுவாக ஸாண்டோகு.

என் கண் க்யூட்டோ மேல்தான் போயிற்று. நீளமாக, முனை கூராக, சினிமாவில் வருகிற வாள் மாதிரி. வாளுக்கும் அதற்கும் சம்பந்தமும் உண்டு. 1876ல் ஜப்பானில் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. வாள் அடித்துக்கொண்டிருந்த கொல்லர்கள் பலர் அப்புறம் கத்தி, கத்தரிக்கோல் பக்கம் திரும்பினார்கள். அதே காலத்தில்தான் அங்கே மாட்டிறைச்சிச் சாப்பாடும் மேல்நாட்டுச் சமையலும் பரவின. அதற்காகப் பிறந்தது இந்தக் கத்தி. க்யூட்டோ என்றால் 'மாட்டு வாள்'. பெயரின் அர்த்தத்தை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கடைக்காரர் வயதானவர். நான் க்யூட்டோவைக் கையில் எடுத்ததும் உடனே பில் போடவில்லை. அண்ணன் மூலமாக மூன்று கேள்வி கேட்டார். யார் உபயோகிக்கப் போகிறார்கள்? வலது கையா, இடது கையா? என்ன நறுக்குவார்கள்?

"எங்க அம்மா. வலது கை. காய்கறி மட்டும்."

அவர் க்யூட்டோவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, நகிரி ஒன்றை எடுத்துத் தந்தார். செவ்வகமாக, முனையே இல்லாமல், சின்ன வெட்டரிவாள் மாதிரி. ஆனால் எடை வெற்றிலைப் பெட்டி அளவுதான். வாய் நேராக இருப்பதால் பலகையில் முழுசாகப் படியும். கீரையோ முட்டைக்கோஸோ கடைசி நார் வரை அறுபடும்.

அம்மாவுக்கு அந்த நகிரியை வாங்கினேன். கவனியுங்கள், அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கென்று க்யூட்டோவையும் வாங்கினேன். அலகில் என் பெயரை ஜப்பானிய எழுத்தில் உளியால் வெட்டித் தந்தார்கள். மனைவிக்கு 'பெட்டி' என்ற சின்னக் கத்தி. சின்னது என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்த பெயராம். போனில் "உனக்குப் பெட்டி வாங்கியிருக்கேன்" என்று சொன்னதும் அவள் நகைப்பெட்டி என்று எடுத்துக்கொண்டது தனிக் கதை.

கத்தி பரிசு என்றதும் பெரியவர் நகிரி டப்பாவுக்குள் ஒரு ஐந்து யென் காசைப் போட்டார். மஞ்சள் நிறம், நடுவில் ஓட்டை. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அங்கேயும் ஒரு பயம். 'கோ-என்' என்றால் ஐந்து யென். அதே உச்சரிப்பில் 'பந்தம்' என்றும் அர்த்தம். காசு கூடப் போனால் பந்தம் நிற்குமாம்.

வெளியே வந்ததும் டப்பாவைப் பிரிக்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான அலகைத் தகுந்த காரணம் இல்லாமல் தெருவில் வைத்திருந்தால் குற்றம். கட்டின கட்டு அப்படியே வீடு வரை வந்தது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில்தான் போட வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஒசாகா போனபோது பக்கத்திலிருக்கிற ஸாகாய் ஊருக்கும் போனோம். கத்தி விஷயத்தில் அது பழம்பெரும் ஊர். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் புகையிலையைக் கொண்டுவந்தார்கள். அதை மெல்லிசாக நறுக்க ஸாகாயில் செய்த கத்திக்கு நல்ல பேர். ஷோகன் அரசாங்கமே அதற்குத் தர முத்திரை கொடுத்தது. நம் ஐ.எஸ்.ஐ. மார்க் மாதிரி.

அங்கே ஒரு கத்தியை ஒருவரே முழுசாகச் செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். காலேஜில் ஆடம் ஸ்மித் சொன்ன வேலைப் பகிர்வை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஸ்மித் என்றாலே கொல்லர்தான் என்பது ஸாகாய் போன பிறகுதான் உறைத்தது.

நாங்கள் எட்டிப் பார்த்த பட்டறை அரை இருட்டாக இருந்தது. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க அல்ல. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணக்கிடுகிறார்கள். வெளிச்சம் அதிகமானால் நிறம் ஏமாற்றும். பெரும்பாலான கத்திகள் ஒரே உலோகம் இல்லை. போளி மாதிரி. நடுவே எஃகு, இரண்டு பக்கமும் மெது இரும்பு. இந்தப் போளியில் பூரணம்தான் கெட்டி! சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்து, கடைசியில் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். நடு எஃகு வாயைக் கூராக வைத்திருக்கும். வெளி இரும்பு அடியைத் தாங்கும், தீட்டவும் சுலபம்.

அந்த எஃகில் பிரபலமான ரகங்கள் ஷிமானே மாகாணத்தில் யஸுகி என்ற ஊரிலிருந்து வருகின்றன. வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பெயர். எஃகில் நிறம் எதுவும் இல்லை. அடையாளத்துக்கு ஒட்டிய காகிதத்தின் நிறம்தான் பெயராகிவிட்டது. வெள்ளை என்பது இரும்பும் கரியும், வேறு கலப்பு மிகக் குறைவு. வெள்ளை இரண்டாம் நம்பரில் கரி சுமார் 1.1 சதவிகிதம். நீலத்தில் கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் சேரும், கூர் இன்னும் நாள்படும். அம்மாவுடைய நகிரி வெள்ளை. என் க்யூட்டோ நீலம். இரண்டும் துருப்பிடிக்கும் ஜாதி. மனைவியின் பெட்டி மட்டும் துருப்பிடிக்காத ரகம்.

திரும்பும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இரண்டு யானகிபா கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்று புதுசு. இன்னொன்று ஒரு சமையல்காரர் வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டி உபயோகித்தது. பென்சில் சீவுகிற கத்தி அளவுக்குக் குறுகியிருந்தது. இரண்டும் ஒரே நீளத்தில் பிறந்தவை என்றார் அண்ணன். 'ஐயோ, பாவம்!' என்று நினைத்தேன். எதைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஊருக்கு வந்து நகிரியை நீட்டினேன். "கையில கொடுக்காதே, கீழே வை. நான் எடுத்துக்கறேன்" என்றாள் அம்மா. வைத்தேன். எடுத்தாள். ஓட்டைக் காசையும் எடுத்தாள். கதையைக் கேட்டாள். கத்தியைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. சுவத்துல மாட்டிடு" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. வீட்டாரைக் கூட்டி வைத்து விதிமுறைகளை வாசித்தேன்.

ஒன்று: தேங்காய் உடைக்கக் கூடாது, பலாக்கொட்டை, எலும்பு, ஃப்ரீஸரில் உறைந்தது எதுவும் கூடாது. சாதாரண மேல்நாட்டுக் கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 56, 58 என்றால் இது 60க்கு மேல். நன்றாக முறுகிய முறுக்கு மாதிரி. கெட்டி, ஆனால் பக்கவாட்டில் திருகினால் பொட்டென்று தெறிக்கும்.

இரண்டு: மரப்பலகையில்தான் நறுக்க வேண்டும். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் தட்டு மூன்றும் கத்திக்கு எமன்.

மூன்று: நறுக்கினதைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கத்தியின் முதுகால் வழிக்க வேண்டும், வாயால் அல்ல.

நான்கு: வேலை முடிந்ததும் கழுவி, உடனே துடைக்க வேண்டும். தொட்டியில் ஊறப் போடக் கூடாது.

ஐந்து: நாள்கணக்காக எடுக்காமல் வைப்பதென்றால் எண்ணெய் பூச வேண்டும். அங்கே கமேலியா எண்ணெய் பூசுகிறார்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கடிக்கும்.

"கத்திக்கு மாமியார் மாதிரி இவ்வளவு சட்டமா?" என்றாள் மனைவி. அம்மா டி.வி.யிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அத்துடன் கலைந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் சமையலறையில் சத்தம். டக் டக் டக் டக் என்று ஒரே தாளத்தில். அம்மா நின்றுகொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி. "தூக்கம் வரல. சும்மா பார்த்தேன்" என்றாள். அன்றைக்குப் பீன்ஸ் உசிலி. பாக்கெட் காய் அந்த வாரத்தோடு நின்றது.

பத்து நாளில் நகிரியின் பளபளப்பு போய்விட்டது. வாழைக்காய் நறுக்கினால் கறுப்பு, வெங்காயம் நறுக்கினால் பழுப்பு. நான் பதறினேன். அம்மா பதறவில்லை. "இரும்புன்னா அப்படித்தான்டா. அரிவாள்மணை வெள்ளையாவா இருந்தது?" அவள் சொன்னதுதான் சரி. காயின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து ஏற்றும் அந்தக் கருநீலப் படலம் ஒரு காவல். சிவப்புத் துருவை ஓரளவு அண்டவிடாது. ஜப்பான் சமையல்காரர்கள் அது படியட்டும் என்று விட்டுவைப்பது உண்டு. என் விதிமுறைகளில் முக்கால்வாசி அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கழுவினதும் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைப்பதை அவள் எந்த ஜப்பான்காரரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

என் க்யூட்டோ? அது பீரோவில், டப்பாவுக்குள், பட்டுத் துணிக்கு நடுவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாராவது நண்பர் வந்தால் வெளியே வரும். "தொடாதே, விரல் ரேகை பட்டா துரு வரும்" என்பேன். பெயரைக் காட்டுவேன். உள்ளே போகும். ஆறு மாதத்தில் அது ஒரு கறிவேப்பிலையைக்கூட நறுக்கவில்லை.

அக்டோபர் 23, ஆயுத பூஜை. அம்மா மூன்று கத்திகளையும் என் கம்ப்யூட்டரையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். மறுநாள் காலையில் நகிரியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பூசணிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். நான் மட்டும், 'மங்களகரமாக இருக்கட்டுமே' என்று க்யூட்டோவை அன்று மாலையே பொட்டோடு டப்பாவில் வைத்து மூடினேன். சந்தனம் முழுசாகக் காயக்கூட இல்லை.

அப்புறம் மழை. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஈரம், பீரோவுக்குள் பூஞ்சைக்காளான் வாசனை. எல்லாம் அடங்கின பிறகு பீரோவைக் காயவைக்கும்போது டப்பாவைத் திறந்தேன்.

மூன்று பொட்டு. அதே இடம், அதே வட்டம். நிறம் மட்டும் ஆரஞ்சு. அட்டை டப்பா ஈரத்தைக் குடித்துக் கத்திக்கு ஊட்டியிருக்கிறது. ஒரு பொட்டு வாய் வரை பரவி, அங்கே குண்டூசி குத்தினது போலக் குழிகள்.

பக்கத்தில் மேடை மேல் நகிரி கிடந்தது. புயல் நாட்களிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை பார்த்த கத்தி. கறுத்திருந்தது. ஆனால் ஒரு பொட்டு துரு இல்லை.

அம்மா க்யூட்டோவைப் பார்த்தாள். திட்டவில்லை. "இதை நறுக்கறதுக்கு வாங்கினியா, கும்பிடறதுக்கு வாங்கினியா?" என்று மட்டும் கேட்டாள்.

வெட்கத்தோடு தெருவில் வந்த சாணைக்காரரிடம் எடுத்துப் போனேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடிப்பவர். வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். நடு எஃகும் வெளி இரும்பும் சேருகிற கோட்டை நகத்தால் தடவினார்.

"சார், இதைச் சக்கரத்துல வெச்சா பொறி பறக்கும், பார்க்க நல்லாருக்கும். ஆனா வாய் சூடாகிப் பதம் போயிடும். இது கல்லுல தண்ணி விட்டுத் தீட்டற சாமான். நீங்களே தீட்டுங்க."

ஐம்பது ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. கப்பபாஷி பெரியவருக்கும் இவருக்கும் அறிமுகமே கிடையாது. இரண்டு பேருமே எனக்கு விற்க மறுத்ததில்தான் பாடம் இருந்தது.

கல் வாங்கினேன். முரடுக்கு 400, சாதாரணத் தீட்டலுக்கு 1000, மெருகுக்கு 3000. நம்பர் கூடக் கூடக் கல் மென்மை. 1000 நம்பர் கல்லைக் குமிழி நிற்கும் வரை தண்ணீரில் ஊற வைத்தேன். கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குத் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 15 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அந்த 'மாறாமல்'தான் உயிரை வாங்கும். ஒரு பக்கம் சரியாகத் தீட்டினால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டை விரலால் குறுக்கே தடவினால் சொரசொரவென்று தெரியும். (வாயின் நீளவாக்கில் தடவாதீர்கள். நான் தடவினேன்.) பிசிறு வாய் முழுக்க வந்ததும் மறுபக்கம். கடைசியில் இரண்டு பக்கமும் லேசாகத் தடவிப் பிசிறை எடுத்துவிட வேண்டும்.

துருக்குழி போக மூன்று ஞாயிறு ஆயிற்று. கத்தி ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. நான்காவது ஞாயிறு ஒரு பழுத்த தக்காளியின் மேல் வைத்து லேசாக இழுத்தேன். அழுத்தவே இல்லை. தோல் பிரிந்து தக்காளி இரண்டாகச் சாய்ந்தது. மனைவி, மனைவியின் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் தக்காளி வெட்டிக் காட்டினேன். அன்றைக்கு மூன்று வேளையும் தக்காளி ரசம்.

இப்போது க்யூட்டோ பீரோவில் இல்லை. முட்டைக்கோஸ், தர்பூசணி எல்லாம் அதன் இலாகா. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் தீட்டுகிறேன். ஆபீஸில் தலை கொதித்துப்போய் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், அரை மணி நேரம் கல்லில் கத்தி தீட்டிப் பாருங்கள். அந்த அரை மணியில் மேனேஜர் ஞாபகம் வராது. வந்தால் சாய்வு மாறிவிடும்! இதற்கு ஜப்பான் கத்திதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு நூறு ரூபாய்க் கத்தியும் 1000 நம்பர் கல்லில் தக்காளியை வெட்டும். கூர் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

சென்ற மாதம் நகிரியை ஸ்கேல் வைத்து அளந்தேன். அதுவும் குறைந்திருந்தது. "அம்மா, உன் கத்தி தேயறது" என்றேன்.

"பரண்லேர்ந்து அரிவாள்மணையை எடு" என்றாள். எடுத்தேன். தூசி தட்டினாள். "என் கல்யாணத்துக்கு வந்தப்போ நாலு விரல் அகலம்டா இது." இப்போது இரண்டு விரல்கூட இல்லை. ஸாகாய் கண்ணாடிக்குள் பார்த்த கத்தி ஞாபகம் வந்தது. நான் அன்று பரிதாபப்பட்டது தப்பான கத்தியைப் பார்த்து.

ஜப்பானில் ஸெகி என்ற கத்தி ஊரில் நவம்பர் 8ஆம் தேதி, உழைத்து ஓய்ந்த கத்திகளை வாங்கிவைத்து, நன்றி சொல்லிச் சடங்கு செய்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "செய்ய வேண்டியதுதான்" என்று அரிவாள்மணைக்கு எண்ணெய் தடவினாள்.

மனைவியின் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூலதனச் செலவுதான். ஆனால் தேய்மானமே போடாத கத்தியைக் கணக்கில் சொத்து என்று காட்டக் கூடாது. "எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றாள். அம்மாவைக் காட்டினேன்.

ஓட்டைக் காசு அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

"எழுதினது போதும். கல்லை எடுத்துத் தண்ணியில போடு. நாளைக்கு அவியல்!"